சிறு தடையும் பெருந்தடையும்

வன்னி மக்களைப் பற்றிப் பேசுவோரிற் பலர், பெரும்பாலும் நல்லெண்ணத்துடனேயே, ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் செல்வது வழக்கமாகிவிட்டது. "இவர்கள் துன்பத்திலே பழகியவர்கள், எதையும் தாங்குவார்கள்" என்பதே அவ்வாக்கியம். பாராட்டுப் போலத் தோன்றும் இக்கூற்றின் அடியிலே ஒரு கொள்கை மறைந்து கிடக்கின்றது. அடிபட்டவன் உறுதிப்படுகிறான், ஆகவே அடுத்த அடி விழும்போது அவனுக்குப் பெரிய உதவி எதுவும் வேண்டியதில்லை என்பதே அக்கொள்கை. இதற்கு விஞ்ஞானத்திலே ஆதாரம் தேடப் புகுவோருக்கு, மூளையின் குருதிக்குழாய் நோய்கள் பற்றிய ஆராய்ச்சியிலே ஒன்று கிடைக்கவுஞ் செய்யும். சிறிது நேரம் குருதியின்றித் தவித்து மீண்ட உறுப்பு, பின்னர் நேரும் நீண்ட குருதித் தடையை ஓரளவு தாங்கிக்கொள்கிறது என்பது கடந்த நாற்பது ஆண்டுகளாக மருத்துவ உலகம் அறிந்த உண்மை. அவ்வுண்மை எவ்வாறு கண்டறியப்பட்டது, எந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டது, இன்று எங்கே வந்து நிற்கிறது என்பவற்றை வரலாற்று முறையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கிய ஏட்டிலே இதற்கென்ன வேலை என்று கேட்போர், மேற்படி வாக்கியத்தை இன்னொரு முறை வாசித்துப் பார்ப்பாராக.

பாரிசவாதம் என்று ஈழத்திலே நாம் வழங்குவதைத் தமிழகத்தார் பக்கவாதம் என்பர். இரு சொற்களிலும் 'வாதம்' நிற்கின்றது. வாதம், பித்தம், கபம் என்னும் முக்குற்றக் கொள்கையின் சுவடு அது. உடம்பின் ஒரு பாரிசம் செயலிழந்து போவதை நம் முன்னோர் கூர்ந்து கண்டனர். காரணத்தை மட்டும் வாயுவிலே தேடினர். கிரேக்கர் இந்நோய்க்கு 'அடித்து வீழ்த்துதல்' என்ற பொருளிற் பெயரிட்டனர். யார் அடித்தது என்பது அவர்களுக்கும் விளங்கவில்லை. 1658ஆம் ஆண்டிலே சுவிற்சர்லாந்து வைத்தியரான யோகான் யாக்கோப் வெப்ஃபர், இந்நோயால் இறந்தோரின் தலையை அறுத்து ஆராய்ந்து, மூளைக்குள்ளே குருதி கசிவதாலோ, மூளைக்குச் செல்லும் குருதி தடைப்படுவதாலோ இது நேர்கிறது என்று எழுதினார். வாயு விலகிக் குருதி முன்னுக்கு வந்த இடம் அதுவே.

குழாயிலே குருதி உறைந்து அடைப்பதையும், உறைந்த துண்டு பெயர்ந்து சென்று வேறோரிடத்தில் அடைப்பதையும் வேறுபடுத்தி விளக்கியவர் ஜேர்மனியரான றுடோல்ஃப் விர்ஹோ. 1840களிலே அவர் இவ்வாராய்ச்சியில் ஈடுபட்டிருந்த காலத்திலேயே, 1848இல், மேல் சிலேசியாவிலே பரவிய தைபசுக் காய்ச்சலை ஆராய்ந்து வருமாறு பிரசிய அரசு அவரை அனுப்பியது. அவர் கொண்டுவந்த அறிக்கை அரசை மகிழ்விக்கவில்லை. அவ்வட்டார மக்கள் போலிஷ் மொழி பேசும் ஏழைகள். நோய்க்கு மருந்தாக அவர் விதந்துரைத்தவை குளிசைகள் அல்ல. சனநாயகம், கல்வி, விவசாயக் கூட்டுறவு, அம்மக்களின் தாய்மொழிக்கு உத்தியோக மொழி அந்தஸ்து என்பன. மொழிச் சட்டங்களின் விளைவை 1956 முதல் அனுபவித்துவரும் நமக்கு, உறைகட்டியை விளக்கிய அதே பேனா மொழியுரிமையையும் மருத்துவத் தேவையாக எழுதியது என்பது மனங்கொளத்தக்கது.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலும் ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. 1847இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே தமிழ் இளைஞருக்கு மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலே கற்பித்த அவர், 1860களில் தமிழுக்கு மாறினார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'மனுஷ சுகரணம்' முதலிய பெருநூல்கள் அவராலும் அவர்தம் மாணவராலும் தமிழாயின. மதம் பரப்பும் நோக்கம் அம்முயற்சிக்குப் பின்னால் இருந்ததை மறுப்பதற்கில்லை. அதற்காக அவ்வுழைப்பைக் குறைத்து மதிப்பதற்குமில்லை. 1873இல் அவர் ஊர் திரும்பிய பின்னர் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. அதன் விளைவாகவே, இக்கட்டுரையின் பொருளைக் குறிக்கத் தமிழிலே நிலைபெற்ற சொல் இன்று இல்லை. நமது பாடநூல்களிலே இசைவாக்கம் என்ற சொல், சூழலுக்கு உயிர்கள் ஒத்துப்போவதைக் குறிக்கின்றது. அதைத் தழுவி, முன்கூட்டியே ஒரு சிறு தடைக்கு உறுப்பைப் பழக்குவதை முன்னிசைவாக்கம் என்று இங்கு வழங்குகின்றேன்.

மூளை உடம்பின் நிறையிலே நூற்றுக்கு இரண்டு பங்குதான். உடம்பு பெறும் ஒட்சிசனில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கை அது செலவிடுகிறது. சேமித்து வைக்கும் வழக்கமோ அதற்கில்லை. ஒரு நாடி அடைபட்டால் என்ன நேரும் என்பதை இரணைமடுவின் கீழ் வயல் செய்வோருக்குச் சொல்லி விளக்கத் தேவையில்லை. ஒரு கிளை வாய்க்கால் அடைபட்டால் அதையே முற்றாக நம்பிய வயல் முதலிலே கருகும். பக்கத்து வாய்க்காலிலிருந்து கசியும் நீரால் சுற்றுப்புற வயல்கள் வாடியபடி சிலகாலம் நிற்கும். நீர் மீண்டால் பிழைக்கும், பிந்தினால் அவையும் கருகும். மூளையிலும் இவ்வாறு வாடி நிற்கும் ஒரு பகுதி உண்டென்பதை 1970களின் பிற்பகுதியிலே அஸ்ட்ரப், சைமன் முதலியோர் காட்டினர். பெரிய நாடியொன்று அடைபட்ட மூளையிலே நிமிடத்துக்கு ஏறத்தாழ 19 இலட்சம் நரம்புக் கலங்கள் அழிகின்றன என்று 2006இல் அமெரிக்க நரம்பியலாளர் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். உறைகட்டியைக் கரைக்கும் மருந்து பயன்தரும் என்று 1995இல் நிறுவப்பட்டபோது அதற்கு விதிக்கப்பட்ட எல்லை மூன்று மணித்தியாலம். 2008இல் அது நாலரை மணித்தியாலமாக நீண்டது. அதுவும் மூளையைச் சீரீ ஸ்கானில் படம் எடுத்து, குருதிக் கசிவில்லை என்று உறுதிசெய்த பின்னரே கொடுக்கத்தக்க மருந்து. ஆகவே, நீர் மீளும் வரையில் வயல் கருகாமல் தாக்குப்பிடிக்க ஏதேனும் வழியுண்டா என்ற கேள்வி மிகப் பெறுமதி வாய்ந்த கேள்வியாயிற்று.

விடைக்கான முதற்குறிப்பு இதயத்திலிருந்து கிடைத்தது. 1986ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ள்ஸ் மறி, றொபேட் ஜெனிங்ஸ், கீத் றைமர் ஆகியோர் நாய்களின் இதயத்திலே ஒரு பரிசோதனையை நடத்தினர். இதய நாடியொன்றை 5 நிமிடம் அடைத்து, 5 நிமிடம் திறந்தனர். இவ்வாறு நான்கு முறை செய்தபின், அந்நாடியையே 40 நிமிடம் அடைத்தனர். நான்கு தடைகளால் களைத்த இதயம் கூடுதலாகச் சேதமுறும் என்று எண்ணுவதே இயல்பு. நடந்ததோ நேர்மாறு. முன்தடை காணாத இதயங்களில் அழிந்த தசையோடு ஒப்பிட, முன்தடை கண்ட இதயங்களில் அழிந்தது அதன் நாலிலொரு பங்கு மட்டுமே.

இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதே ஆய்வுக்கட்டுரையின் மறுபகுதி அவ்வளவு பிரபலமடையவில்லை. வேறொரு நாய்க்கூட்டத்திலே, நான்கு சிறுதடைகளுக்குப் பின்னர், நீண்ட தடையை 40 நிமிடத்திற்குப் பதிலாக மூன்று மணித்தியாலமாக்கினர். அங்கே பாதுகாப்பு எதுவும் எஞ்சவில்லை. பழகிய இதயமும் பழகாத இதயமும் ஒரேயளவில் அழிந்தன. முன்னிசைவாக்கம் அழிவைத் தள்ளிப்போடுகிறதேயன்றித் தடுத்துவிடுவதில்லை. அது தரும் அவகாசத்துக்குள்ளே குழாய் திறக்கப்பட்டாக வேண்டும்.

மூளையிலும் இது நிகழ்கிறது என்பதை 1990இல் ஜப்பானின் ஒசாக்காவிலே கித்தகாவாவும் அவர்தம் கூட்டாளிகளும் காட்டினர். ஜெர்பில் என்னும் சிறு பாலைநில எலிகளின் மூளைக்கு 5 நிமிடம் குருதி செல்லாவிடின், நினைவுக்கு ஆதாரமான பகுதியிலுள்ள குறித்த நரம்புக் கலங்கள் சில நாட்களில் மடிந்துவிடும். ஆனால் ஓரிரு நாட்களுக்கு முன்னர் 2 நிமிடத் தடையொன்றைக் கண்டு மீண்ட எலிகளில் அக்கலங்களிற் பல தப்பின. இவ்விடத்திலே 'மீண்ட' என்ற சொல்லே கருத்தூன்றி நோக்கத்தக்கது. தடை மட்டும் காப்பதில்லை. தடை நீங்கிக் குருதி திரும்பப் பாயும்போது கலங்களிலே தூண்டப்படும் மாற்றங்களே காக்கின்றன. அடினோசின், பிறடிகைனின் போன்ற பொருள்கள் வெளிப்பட்டுக் கலத்தின் உள்ளே செய்தி அனுப்ப, கலத்தின் சக்தி நிலையமாகிய இழைமணி செலவைச் சுருக்கித் தற்காப்புக்கு ஆயத்தமாகிறது. இந்த முதற்காப்பு இரண்டு மூன்று மணித்தியாலங்களில் மங்கிவிடும். ஏறத்தாழ ஒரு நாள் கழித்து, கலம் புதிய புரதங்களை ஆக்கிக்கொண்டபின், இரண்டாவது காப்பு தோன்றி மூன்று நாளளவில் ஓய்கிறது. இரண்டு காப்புகளுக்கும் கால எல்லை உண்டு. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் உறுதி என்று எதையும் அவ்வெலிகள் பெறவில்லை.

எனினும், மனிதரின் மூளை நாடியை யார் வேண்டுமென்றே அடைக்கத் துணிவர்? இச்சிக்கலை அவிழ்த்தது 1993இல் கரின் பிஷிக்லெங் என்ற பெண் விஞ்ஞானி லொஸ் ஏஞ்சலிசிலிருந்து வெளியிட்ட ஆய்வு. இதயத்தின் ஒரு நாடிக்குத் தடை கொடுத்தால், தடையே காணாத இன்னொரு நாடியின் பகுதியும் பாதுகாப்புப் பெறுவதை அவர் கண்டார். உறுப்பின் ஒரு மூலை பட்ட துன்பத்தை மறுமூலை எவ்வாறு அறிந்தது? குருதி வழியேயும் நரம்பு வழியேயும் செய்தி செல்கிறது என்றனர். அவ்வாறாயின் தொலைவிலுள்ள உறுப்பும் அச்செய்தியை அனுப்பலாமன்றோ! ஒல்லாந்திலே சிறுகுடல் நாடியை அடைத்து இதயத்தைக் காத்தனர். 2002இல் கர்பண்டா முதலியோர் மனிதரின் கையிலே குருதியமுக்கம் அளக்கும் பட்டையைக் கட்டி இறுக்கி, 5 நிமிடம் தடை, 5 நிமிடம் தளர்வு என மூன்று முறை செய்து, தூரத்திலிருந்தே காக்கலாம் என்பதற்கு வழி திறந்தனர்.

அந்தப் பட்டையின் வரலாறும் சுவையானது. 1896இல் இத்தாலியிலே றீவா-றொச்சி அதை ஆக்கினார். 1905இல் றஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க்கிலே நிக்கொலாய் கொறொற்கொவ், பட்டைக்குக் கீழே நாடியிற் காதுகுழலை வைத்துக் கேட்கும் முறையைக் கண்டார். இன்று நெடுங்கேணியிலோ, துணுக்காயிலோ, மாத்தளனிலோ ஒரு குடும்பநல உத்தியோகத்தரின் பையிலும் அப்பட்டை இருக்கும். நோயை அளந்த பொருளே நோயைத் தடுக்கும் மருந்துமாகலாம் என்ற செய்தி, வறிய நாடுகளின் வைத்தியர்களுக்கு எத்தகைய நம்பிக்கையை ஊட்டியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

அந்நம்பிக்கைக்கு முதலில் வலுக்கிடைத்தது. 2012இல் பெய்ஜிங்கின் சுவான்வு வைத்தியசாலையிலே, மூளை நாடிகள் ஒடுங்கிய 68 நோயாளரிற் பாதிப்பேரின் இரு கைகளிலும் நாளுக்கிருமுறை பட்டை இறுக்கப்பட்டது, ஒவ்வொரு முறையும் ஐந்து சுற்று, 300 நாட்கள். பட்டை கட்டாதோரில் 26.7 வீதமானோருக்கு மீண்டும் பாரிசவாதம் வந்தது, கட்டியோரில் 7.9 வீதமானோருக்கே வந்தது. எண்கள் கவர்ச்சியானவை, ஆட்களோ 68 பேர். 2022இல் இதே சிகிச்சையை 3,033 நோயாளரிடம் செய்துபார்த்தபோது, வேறுபாடு தற்செயல் என்று ஒதுக்க முடியாத அளவை எட்டவில்லை. நாள்தோறும் கையை இறுக்கிக்கொள்ளும் நோவைப் பலராலும் தொடர்ந்து சகிக்க முடியாமற் போனதும் ஒரு காரணம். அதே ஆண்டில், பாரிசவாதம் வந்து 48 மணித்தியாலத்துக்குள் வைத்தியசாலை சேர்ந்த ஏறத்தாழ 1,800 சீன நோயாளரிடையே நடந்த வேறோர் ஆய்வு சற்று நம்பிக்கை தந்தது: ஏறத்தாழ முழுமையாகத் தேறியோர் பட்டை கட்டியவர்களில் 67.4 வீதம், கட்டாதவர்களில் 62.0 வீதம். 2023இலோ, டென்மார்க்கிலே அம்புலன்சில் வைத்தே பட்டையை இறுக்கத் தொடங்கிய, 1,500 பேர் கொண்ட ஆய்வு எந்த நன்மையையும் காணவில்லை. இதயத்தைப் பொறுத்தவரை, 5,400 பேருக்கு மேற்பட்ட 2019ஆம் ஆண்டு ஆய்வும் கைவிரித்துவிட்டது.

வழக்கு இன்னும் முடியவில்லை என்பதே நேர்மையான தீர்ப்பு. ஆய்வுகூடத்து எலி இளமையானது, வேறு நோயற்றது. வைத்தியசாலைக்கு வரும் மனிதரோ முதியவர். நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் உடையவர். முதுமையும் நீரிழிவும் இக்காப்பை மழுங்கடிக்கின்றன என்பதற்கு விலங்குகளிலேயே சான்றுண்டு. எவருக்குக் காப்பு அதிகம் தேவையோ அவருக்கே அது குறைவாகக் கிட்டுகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நன்மை கண்ட ஆய்வுகளிலும் பட்டை ஒரு துணையே. படம் எடுக்கும் கருவி, மருந்து, தாதியர், படுக்கை எல்லாம் கிடைத்தவர்களுக்கு அது மேலதிகமாகக் கொடுக்கப்பட்டது. அவையில்லாத இடத்திலே பட்டை மட்டும் போதும் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. மலிவான வழி கிடைத்துவிட்டது, ஆகவே விலையுயர்ந்தது கிராமத்துக்கு வேண்டாம் என்று திட்டமிடுவோர் சொல்லத் தலைப்பட்டால், அவர்களிடம் இதைச் சொல்லவேண்டியிருக்கும்.

இனி, தொடக்கத்திலே கண்ட வாக்கியத்துக்கு வருவோம். கலத்திலே கண்டதைச் சமுதாயத்துக்கு ஏற்றிச் சொல்வது பொதுவாக ஆபத்தான காரியம். மனிதக் கூட்டம் இதயத்தசை அன்று. ஆயினும் அவ்வாறு ஏற்றிச் சொல்வோர் பாதி உண்மையை மட்டும் கடன்வாங்க அனுமதிக்க முடியாது. தடை குறுகியதாயிருக்க வேண்டும். தடைக்குப் பின்னர் ஓட்டம் முழுமையாக மீளவேண்டும். காப்புக்குக் கால எல்லையுண்டு. இவை மூன்றும் சேர்ந்ததே முன்னிசைவாக்கம்.

வன்னியின் வரலாற்றிலே இவற்றுள் எது இருந்தது? 1977, 1983 வன்செயல்களால் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடுவெட்டிக் குடியேறிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் முதலில் வந்தன. 1990 முதல் பொருளாதாரத் தடை. எரிபொருளும் மருந்தும் கட்டுப்பாட்டுக்குள். 1995இன் இறுதியிலே யாழ்ப்பாணத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் கிளாலியைக் கடந்து வந்து சேர்ந்தனர். 1996இல் கிளிநொச்சி நகரமே இடம்பெயர்ந்தது. 2002இல் ஏ9 வீதி திறந்தது. 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடியது. 2009 சனவரி முதல் மே வரை மக்கள் கடற்கரையை நோக்கி ஒடுக்கப்பட்டனர். புதுக்குடியிருப்பு வைத்தியசாலையே எறிகணை வீச்சுக்கு இலக்காயிற்று. செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலே காயமுற்றோருக்கு வெளியேறும் வழியாயிற்று. அதன்பின் செட்டிகுளம் முகாம்கள். அவற்றுள் இறுதியானது 2012இலேயே மூடப்பட்டது. நான்கு ஐந்து ஆண்டுகள் வீதி திறந்திருந்ததைத் தவிர, இவ்வரலாற்றில் ஓட்டம் மீண்ட காலம் எது? இது ஐந்து நிமிடத் தடையன்று. மூன்று மணித்தியாலத் தடை. அந்நாய்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை மேலே கண்டோம்.

உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னியிலிருந்து இடம்பெயர்ந்தோரிடையே செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வு, தாங்குதிறனைப் புகழ்ந்து பேசும் ஆய்வன்று. தனிமனிதர் மட்டுமன்றிக் குடும்பமும் ஊரும் சேர்ந்தே வடுப்பட்டதை, ஒருவரையொருவர் நம்பும் பழக்கம் சிதைந்ததை அது எடுத்துரைக்கின்றது. குருதிக்குழாய்களும் இதற்குப் புறம்பானவை அல்ல. 32 நாடுகளிலே நடத்தப்பட்டு 2016இல் வெளிவந்த பெரும் ஆய்வொன்று, உலகின் பாரிசவாதத்தில் ஏறத்தாழ 90 வீதத்தை மாற்றக்கூடிய பத்துக் காரணிகளோடு தொடர்புபடுத்தியது. முதலிடம் உயர் குருதியமுக்கத்துக்கு. பட்டியலிலே மன அழுத்தமும் உண்டு. நீண்ட துன்பம் குழாயை உறுதிப்படுத்துவதில்லை, கெடுக்கின்றது.

இக்கொள்கையைப் பாதியாய் அறிவதால் வரும் ஆபத்து பேச்சோடு நிற்பதில்லை. சிலருக்கு வாய் கோணி, கை சோர்ந்து, பேச்சுக் குழறி, சில நிமிடங்களில் எல்லாம் தாமாகவே நேராகிவிடும். இதுவும் மூளையில் நேர்ந்த சிறுதடையே. 1999இல் ஜேர்மனியிலே வெய் முதலியோர், இத்தகைய சிறுதடை முன்னர் வந்தவர்களுக்குப் பின்னர் வந்த பாரிசவாதம் சற்று மென்மையாக இருந்ததைக் கண்டு, மனித மூளையிலும் முன்னிசைவாக்கம் உண்டோ என்று வினவினர். நியாயமான வினா. ஆனால் 2000ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவிலிருந்து வந்த கணக்கு வேறொன்றைச் சொல்கிறது: சிறுதடை வந்தோரில் பத்துப் பேருக்கு ஒருவர் 90 நாட்களுக்குள் முழுப் பாரிசவாதத்துக்கு ஆளாயினர், அவர்களிற் பாதிப்பேர் முதல் இரண்டு நாட்களுக்குள்ளேயே.

விசுவமடுவிலோ ஒட்டுசுட்டானிலோ வயலில் நின்ற ஒருவருக்கு மண்வெட்டி கைநழுவி விழுந்து, கால் மணித்தியாலத்திற் கை பழையபடி ஆகிவிட்டால், வெயிலென்றும் களைப்பென்றும் சொல்லி வீட்டிலே படுக்கவைப்பதே நமது வழக்கம். அவர் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டியவர். 2018 முதல் வட மாகாணத்திலும் ஓடுகின்ற இலவச அம்புலன்சுக்குத் தொலைபேசி இலக்கம் 1990. வாய் கோணிய நேரம் எது என்பதைக் குறித்துவைத்து, அழைத்தவுடனே அதைச் சொல்லவேண்டும். வைத்தியர் முதலிற் கேட்கும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.